எங்கள் அபார்ட்மெண்டின் பொங்கல் கமிட்டி

2025 பொங்கல் எங்கள் வீட்டில் கிடையாது. புரட்டாசியில் பெரியப்பா தவறிவிட்டார், பங்காளி வீடு, ஆக ஒரு வருஷத்துக்குப் பண்டிகை எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. ஊரில் அம்மா தீபாவளிக்கே எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு எங்கள் அசோசியேஷன் செயலாளர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், பத்து நிமிஷம் வருத்தமாக உட்கார்ந்திருந்தார், காபி குடித்தார், அப்புறம் எழுந்து செருப்பு மாட்டும்போது, "சார், உங்களுக்குத்தான் இந்த வருஷம் வீட்ல பொங்கல் வேலை இல்லையே, கமிட்டியை நீங்களே எடுத்து நடத்திடுங்க" என்றார். துக்கம் கேட்ட வாயாலேயே இதையும் கேட்டுவிட்டுப் போன அவர் திறமையை நினைத்து எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஓ.எம்.ஆர். பக்கம் 96 வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட் எங்களுடையது. பாதிக்கு மேல் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து வந்தவர்கள், மீதியில் ஆந்திராக்காரர்கள், ஒரு பஞ்சாபிக் குடும்பம், நாலைந்து வங்காளிகள், இரவுக் காவலுக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். 62 வீடுகள் பணம் கட்டின, வீட்டுக்கு 500 ரூபாய். 200 பேர் சாப்பாடு. இதை வைத்துக்கொண்டு ஒரு பொங்கல் விழா நடத்த வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். அந்த ஆரம்பத்திலேயே ஒரு தப்பு செய்தேன். முதல் செய்தியில், "இந்த முறை முழுக்க முழுக்கப் பாரம்பரிய முறையில் கொண்டாடுவோம்" என்று ஒரு வரி போட்டேன். சும்மா அழகுக்காகப் போட்ட வரி. அடுத்த மூன்று வாரம் அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம் சொல்லியே போனது.

முதல் சண்டை தேதியில். பொங்கல் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. வெள்ளி இரவே பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், இருக்கிறவர்களுக்கும் திங்கள் முதல் சொந்த வீட்டுப் பொங்கல் வேலை. அதனால் 12ஆம் தேதி ஞாயிறு என்று முடிவு செய்தோம். பி பிளாக்கில் ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருக்கிறார், குழுவில் பெரும்பாலும் காலை வணக்கம் மட்டும் போடுவார், அன்றைக்கு நீளமாக எழுதினார்: தை பிறப்பதற்கு முன்னால், சூரியன் மகரத்தில் நுழைவதற்கு முன்னால், மார்கழியில் பொங்கப் பானை வைப்பதற்குப் பெயர் பாரம்பரியமா?

நியாயமான கேள்வி. ஆனால் எனக்குக் கொஞ்சம் பஞ்சாங்கக் கிறுக்கு உண்டு. அதனால் நானும் நீளமாகப் பதில் எழுதினேன். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு மகர சங்கராந்தி. அதாவது 160 வருஷத்துக்கு முன்னால் இருந்திருந்தால் நாம் குறித்த தேதியிலேயேதான் பொங்கல். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து வருஷத்தை அளக்கிறது, ஆங்கில நாள்காட்டி பருவங்களை வைத்து அளக்கிறது, இரண்டுக்கும் வருஷத்துக்கு இருபது நிமிஷம் வித்தியாசம், அது சேர்ந்து சேர்ந்து எழுபது எழுபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் ஆகிவிடுகிறது. அதனால்தான் பொங்கல் மெல்ல நகர்ந்து இப்போது 14, 15 என்று நிற்கிறது. 2024இல் 15ஆம் தேதியே வந்தது. சுமார் 1,700 வருஷத்துக்கு முன்னால் போனால் மகர சங்கராந்தியும் சூரியன் நிஜமாகவே வடக்கே திரும்புகிற நாளும் ஒன்றாக இருந்திருக்கும். இன்றைக்குச் சூரியன் டிசம்பர் 21, 22இலேயே திரும்பிவிடுகிறான். நாம்தான் மூன்று வாரம் கழித்து, "வாப்பா, இப்பத்தான் வர்றியா" என்று பானை வைத்து வரவேற்கிறோம்.

பி பிளாக் சார் இதற்கு ஒரு கைகூப்பும் பொம்மை மட்டும் போட்டார். சம்மதமா கோபமா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சண்டையை முடித்தது என் கணக்கு இல்லை, சி பிளாக் மாமி. "ஏன், முந்தின நாள் 11ஆம் தேதி மார்கழி 27, கூடாரவல்லி. எங்காத்துல அன்னிக்கு அக்காரவடிசல் உண்டு, ஆண்டாளே முழங்கை வரைக்கும் நெய் வழியணும்னு பாடி வெச்சிருக்கா. மார்கழில பாலும் வெல்லமும் அரிசியும் சேரக்கூடாதுன்னு யார் சொன்னா?" மாமியை எதிர்த்து எழுத ஆள் இல்லை. தேதி முடிந்தது.

அடுத்தது பேனர். இதை நான் ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்திருந்தேன். 'தமிழர் திருநாள்' என்று போட்டால் ஆந்திராக்காரர்களுக்கு இது சங்கராந்தி, அவர்களும்தான் 500 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். 'சங்கராந்தி' என்று போட்டால் டி பிளாக் தம்பிக்கு ரத்தம் கொதிக்கும். 'உழவர் திருநாள்' போடலாம் என்றால், 96 வீட்டில் ஒரு உழவர்கூட இல்லை, சாஃப்ட்வேர்தான். 'தமிழ்ப் புத்தாண்டு' என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான், குழுவே இரண்டாகப் பிளந்தது. தை முதல் நாள்தான் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது, 2011இல் ஆட்சி மாறியதும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு மறுபடி சித்திரைக்கே போனது. ஒரு பண்டிகைக்குப் பெயர் வைக்கும் விஷயம் சட்டசபைக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறது என்றால், அதை ஆறடி ஃப்ளெக்ஸில் நான் தீர்க்க முடியுமா? கடைசியில் பேனரில் 'பொங்கலோ பொங்கல்' என்று மட்டும் போட்டு, கீழே ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு சூரியன். சூரியனுக்கு மூக்கு கண்ணாடி போட்டது டிசைன் பண்ணிய பையனின் சொந்த யோசனை.

இதற்கெல்லாம் பிறகுதான் மளிகைப் பட்டியல். 200 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்றால் 5 கிலோ பச்சரிசி, ஒன்றேகால் கிலோ பாசிப்பருப்பு, 10 கிலோ வெல்லம், நெய் கேட்கிறவர் மனசைப் பொறுத்து. சமையல் மாஸ்டர் முந்திரி ஒரு கிலோ என்று எழுதியிருந்தார். விலையைப் பார்த்துவிட்டு நான் கால் கிலோவாக்கினேன். உடனே, "முந்திரி இல்லாம என்ன சார் பாரம்பரியச் சர்க்கரைப் பொங்கல்?"

நானும் விடவில்லை. முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள்தான் இங்கே கொண்டு வந்தார்கள். இன்றைக்குப் பண்ருட்டி என்றாலே முந்திரி, பலா என்று சொல்கிறோம், அதில் பலா நம்மூர், முந்திரி வந்தேறி. சோழர்கள் சாப்பிட்ட பொங்கலில் என்னென்ன இருந்ததோ, வறுத்த முந்திரி மட்டும் நிச்சயமாக இல்லை. பொங்கல் குழம்பில் போடும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. பரங்கிக்காய்க்கு அந்தச் சிரமம்கூட இல்லை, பெயரிலேயே முகவரி ஒட்டியிருக்கிறது. பரங்கி என்றால் ஐரோப்பியன், முக்கியமாகப் போர்ச்சுக்கீசியன். சென்னையில் செயின்ட் தாமஸ் மவுண்ட்டுக்கு நாம் பரங்கிமலை என்று சொல்வதும் அதனால்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. மார்கழி மாசம் முழுக்க விடிவதற்கு முன்னால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணியை உருட்டி வைத்து, அதில் பரங்கிப் பூவைச் சொருகுவாள். மஞ்சளாக, பனி ஒட்டிக்கொண்டு, காம்பு முள்முள்ளாக இருக்கும் அந்தப் பூ. அதைப் பறிக்கப் போவது என் வேலை. கொல்லையில் கொடிக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் அரிக்கும். சாயங்காலம் அந்தச் சாணியை பூவோடு சேர்த்துத் தட்டி வறட்டியாக்கிக் காய வைத்துவிடுவாள், அந்த வறட்டிதான் பொங்கலன்றைக்கு அடுப்புக்கு. இதைவிடப் பழமையான, இதைவிட நம் மண்ணுக்குச் சொந்தமான ஒரு காட்சி என் நினைவில் கிடையாது. அந்தக் காட்சியின் நடுவில் இருக்கும் பூ மட்டும் கப்பலில் வந்த பரங்கிக் கொடியின் பூ. பாட்டியிடம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பாள்.

சரி, கரும்பாவது நம்முடையதுதானே என்று டி பிளாக் தம்பி கேட்டான், கொஞ்சம் பரிதாபமாகவே கேட்டான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 99ஆவது பாட்டில் ஒளவையார் அதியமானைப் பாடும்போது, அவன் முன்னோர்களைப் பற்றிச் சொல்கிறார்: பெறுவதற்கு அரிய கரும்பை இங்கே கொண்டு வந்து தந்தவர்கள் என்று. அதாவது சங்க காலத்திலேயே நம்மவர்களுக்கு ஒரு நினைவு இருந்திருக்கிறது, இந்தப் பயிர் இங்கே முளைத்தது இல்லை, யாரோ கொண்டு வந்தார்கள் என்று. எங்கிருந்து? உரைகாரர்கள் விண்ணுலகத்தைக் காட்டுகிறார்கள். தாவரவியல்காரர்கள் நியூகினித் தீவைக் காட்டுகிறார்கள், நாம் கடிக்கும் பருத்த கரும்பு இனம் முதலில் பயிரானது அங்கே என்று. இரண்டுமே தூரம்தான். கோயம்புத்தூரில் 1912இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்து, இந்தப் பருத்த கரும்பை நம் ஆற்றங்கரைப் பேய்க்கரும்போடு இனக்கலப்பு செய்து, வடக்கே பஞ்சாப் வரைக்கும் விளைகிற புதுக் கரும்பு இனங்களை உருவாக்கியது இன்னொரு பெரிய கதை. ஆனால் அதெல்லாம் ஆலைக் கரும்பு. பொங்கலுக்கு நாம் தேடுவது கறுப்புத் தோல் போட்ட கடி கரும்பு, மேலூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் கோயம்பேடு வருவது. நாலு கட்டு வாங்கினோம். கட்டுக்குப் பதினைந்து. அதில் ஒரு கட்டு, வாங்கிய அன்று இரவே சின்னப் பிள்ளைகளால் பாதி காலி.

இந்தக் கரும்புச் செய்தியைப் போட்டதும் குழுவில் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் ஏ பிளாக்கில் ஒரு அக்கா, ஈரோட்டுப் பக்கம், எழுதினார்கள்: "தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா எங்க ஊர்ல நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது மஞ்சக் கொத்தைப் பானையில கட்டுனா, அந்த ஈர மஞ்ச வாசமும் புகையும் சேர்ந்து வரும் பாருங்க, அது வந்தாப் போதும், மத்தது எது எங்கிருந்து வந்தா எனக்கென்ன."

அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் குழுவில் சண்டை போட்ட ஒவ்வொருவரும் அவரவர் பத்து வயதுக்காகத்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். பத்து வயதில் வீட்டில் வெண்கலப் பானை இருந்தவருக்கு வெண்கலம் பாரம்பரியம், மண்பானை பார்த்தவருக்கு மண்பானை. என் பத்து வயதில் பொங்கல் என்றால் வாழ்த்து அட்டை. ரஜினி, கமல் படம் போட்ட அட்டைகள் கடை வாசலில் கயிற்றில் தொங்கும், உறையை ஒட்டாமல் அனுப்பினால் தபால் தலைக்குக் காசு குறைவு என்று ஒட்டாமல் அனுப்புவோம், அடுத்த தெருவில் இருக்கிற நண்பனுக்கும் தபாலில்தான். அதற்கு என்ன பழமை இருக்கிறது? ஆனால் அட்டை இல்லாத பொங்கல் எனக்கு இன்றும் பாதிப் பொங்கல்தான்.

இன்னொரு வேடிக்கை. விளையாட்டுப் போட்டிகளுக்கு உறியடி வைத்தபோது, அது கண்ணன் பிறந்தநாளுக்கு உரியது, பொங்கலுக்கு எப்படி என்று ஒருவர் கேட்டார். மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், ஸ்லோ சைக்கிள் மூன்றையும் ஒருவரும் கேட்கவில்லை. அது என்னவோ ஆதித் தமிழன் குகையிலேயே எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடிக்கொண்டிருந்த மாதிரி. நம் ஊர் இளைஞர் மன்றங்கள் ஒலிபெருக்கி கட்டிப் பொங்கலுக்குப் பொங்கல் நடத்தி நடத்தி, அவை நம்முடையவையே ஆகிவிட்டன.

போகியில் மட்டும் அசோசியேஷன் உறுதியாக நின்றது: எதையும் எரிக்கக் கூடாது. சென்னையில் போகி விடியற்காலையின் புகையும் பனியும் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டயர் எரித்து எரித்து நாமே கெடுத்துக்கொண்ட காலை அது. அதற்கும் ஒருவர், 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று மேற்கோள் போட்டார். வருஷா வருஷம் போகிக்கு எல்லாரும் போடுகிற மேற்கோள். அது நன்னூலின் கடைசியில் வரும் சூத்திரம், 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் பழைய பாயையும் துடைப்பத்தையும் பற்றிச் சொன்னது இல்லை. மொழியில் பழைய வழக்குகள் போய்ப் புதியவை வந்து சேர்வது குற்றமில்லை, காலத்தின் இயல்பு என்று சொன்னார். இலக்கண வாத்தியார் எழுதியதை எடுத்து நாம் பிளாஸ்டிக் கொளுத்துகிறோம்.

பானை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பான்மை வாக்கு மண்பானைக்கு. அதனால் ஜனவரி 5ஆம் தேதி ஒரு ஒத்திகை வைத்தோம். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் பழக்க வேண்டும் என்று மாமி சொன்னார், நாங்கள் கேட்டோம், ஆனால் கேட்டதோடு சரி. வாங்கி வந்த அன்றே, கேஸ் அடுப்பில், பெரிய பர்னரில் வைத்தோம். நாலாவது நிமிஷம் 'டப்' என்று ஒரு சத்தம். ரொம்பப் பெரிய சத்தம்கூட இல்லை. பானை அழகாக இரண்டு பாதியாக நின்றது, இரண்டு லிட்டர் பால் கார் பார்க்கிங்கில் ஓடியது, எங்கிருந்துதான் வந்தனவோ, மூன்று பூனைகள் வந்து கமிட்டியில் சேர்ந்துகொண்டன.

அன்று இரவு அம்மாவிடம் போனில் சும்மா புலம்பினேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு வெண்கலப் பானை உண்டு, அம்மாவின் கல்யாணச் சீர். கழுத்து குறுகி, வயிறு அகன்று, தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் கனம். எல்லா வருஷமும் பொங்கல் அதில்தான். "இங்க சும்மாதான கெடக்கு இந்த வருஷம். எடுத்துட்டுப் போயேன்" என்றாள். "தீட்டுன்னியேம்மா" என்றேன். "நமக்குத்தான் தீட்டு. பானைக்கு ஏது?" அண்ணன் அதைச் சாக்கில் கட்டி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். மறுநாள் விடியற்காலை பெருங்களத்தூரில் போய் நான் வாங்கிக்கொண்டேன். அதற்குள் அம்மாவிடமிருந்து ஒரு நிபந்தனை: "அடுப்புல ஏத்திட்டு அந்தாண்ட இந்தாண்ட போயிடாத. பால் எந்தப் பக்கம் வழியுதுன்னு பார்த்து எனக்குச் சொல்லணும்."

அம்மாவுக்கு இது ஒரு பெரிய விஷயம். கிழக்கே வழிந்தால் வீட்டில் நல்லது நடக்கும், வடக்கே வழிந்தால் கையில் காசு தங்கும். மேற்கே என்றால் பரவாயில்லை. தெற்கே வழிந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், பேச்சை மாற்றிவிடுவாள். போன பொங்கலுக்கு எந்தப் பக்கம் வழிந்தது என்று நான் கேட்டதில்லை. பெரியப்பா போன பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

12ஆம் தேதி காலை ஆறரைக்கு அடுப்பு பற்ற வேண்டும் என்று நிரல். பற்றியது ஏழே முக்காலுக்கு. டிரைவ்வேயில் போட்டிருக்கும் இண்டர்லாக் கல் நேரடி நெருப்பில் வெடித்துவிடும் என்று ஒரு சிவில் இன்ஜினியர் எச்சரித்ததால், கீழே இரண்டு அங்குலம் மணல் பரப்பி மேலே மூன்று செங்கல். மழைத் தண்ணீர் வடிவதற்காக எங்கள் டிரைவ்வே தெற்குப் பக்கக் கால்வாயை நோக்கி லேசாகச் சரிவாக இருக்கும். பானையை வைத்ததுமே எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் ஓட்டாஞ்சில்லை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன், உடைந்த மண்பானையின் சில்லுதான், பானை ஆடியதே தவிர நேராகவில்லை. சவுக்குக் கட்டை ஈரம். தென்னம்பாளை போட்டு, சூடம் போட்டு, ஊதி ஊதிக் கண் சிவந்து, கடைசியில் சி பிளாக் மாமிதான் பற்றவைத்தார். நான் தொடக்கூடாது என்பதால் ஓரமாக நின்று விசிறினேன். விசிறலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை.

பால் சூடேறி ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தபோது செயலாளர் ஓடி வந்தார். போட்டோ எடுக்கிறவர் இன்னும் வரவில்லையாம். "கொஞ்சம் கட்டையை இழுங்க சார், அவர் சிக்னல்ல நிக்கிறார்." இழுத்தோம். நுரை அடங்கியது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி தள்ளினோம், மறுபடி இழுத்தோம். சூரியனுக்கு வைக்கிற பொங்கல் மேடவாக்கம் டிராஃபிக்குக்காகக் காத்திருந்தது. இதற்குள் உறியடிக் கயிற்றை பேஸ்கட் பால் கம்பத்தில் கட்டலாமா கூடாதா என்று அந்தப் பக்கம் தகராறு, மைக்கில் ஒரு பையன் ஹலோ ஹலோ என்று நூறு முறை, ஆந்திராக் குடும்பத்தில் போகிப்பழம் போடுவதை ஒரு நாள் முன்னாலேயே இங்கே செய்துவிடலாம் என்று ஒரு குழந்தையை உட்காரவைத்துத் தலையில் இலந்தைப் பழத்தையும் பூவையும் காசையும் கொட்ட, மற்ற குழந்தைகள் காசு பொறுக்க ஓட, பஞ்சாபி வீட்டு அம்மா அவர்களுடைய லோரி பண்டிகைக்காக வைத்திருந்த சோளப் பொரியையும் வேர்க்கடலையையும் இந்த நெருப்பிலேயே போடலாமா என்று என்னிடம் கேட்டார். போடுங்கள் என்றேன். மக்காச்சோளமும் வேர்க்கடலையும் முந்திரி வந்த திசையிலிருந்து வந்தவைதான் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்படியே அந்தத் தகராறைத் தீர்க்கக் கம்பத்துப் பக்கம் ரெண்டு நிமிஷம் போனேன்.

"சார்! சார்! பொங்கிருச்சு சார்!"

கத்தியது இரவுக் காவல் பையன். ஷிஃப்ட் முடிந்தும் போகாமல் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். எல்லாரும் திரும்பி, ஒரு விநாடி தாமதமாக, பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம். யாரோ தட்டைக் கரண்டியால் அடித்தார்கள். போட்டோ எடுக்கிறவர் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் வந்து பார்க்கும்போது நுரை அமுங்கியிருந்தது, பாதி நெருப்பு அணைந்து புகை என் முகத்துக்கே வந்தது, வந்த புகையில் ஈர மஞ்சள் வாசம். ஏ பிளாக் அக்கா கொஞ்சம் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் ருசியாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு மாஸ்டர் அண்டாவில் செய்தது அருமை. எங்கள் பானைப் பொங்கல்தான் சொதப்பல். அரிசி வெந்து குழைவதற்கு முன்னால் வெல்லத்தைப் போட்டால் அப்புறம் அரிசி எத்தனை மணி நேரமானாலும் வேகாது. டி பிளாக் தம்பி ஆர்வத்தில் முன்கூட்டியே கொட்டிவிட்டான். மேலும் பால் ஊற்றி, மேலும் கட்டை வைத்து, ஒரு மணி நேரம் கிண்டியும் பருக்கை விதைவிதையாகத்தான் நின்றது. காவல் பையன் மட்டும் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் ஊரில் சங்கராந்திக்குப் புது அரிசியை ஊறவைத்து இடித்து, வேகவைக்காமலேயே வெல்லமும் தேங்காயும் வாழைப்பழமும் பிசைந்து வைப்பார்களாம். "இது கொஞ்சம் அது மாதிரிதான் சார் இருக்கு" என்றான். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

கணக்கு முடித்ததில் 1,340 ரூபாய் மிச்சம், இரண்டு ஜல்லிக்கரண்டி காணவில்லை. சாயங்காலம் பானையைப் பால்கனிக்குத் தூக்கி வந்தேன். உடம்பு முழுக்கக் கரி. கரிமேல் ஒரே ஒரு இடத்தில், கழுத்திலிருந்து அடிவரைக்கும், பால் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடு. பக்கத்திலேயே முட்டுக் கொடுத்த ஓட்டாஞ்சில்லின் தடம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். கூட்டம் எவ்வளவு, மாமி யார், எந்த ஊர், சாப்பாடு பத்தியதா என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

"எந்தப் பக்கம்டா வழிஞ்சுது?"

"கிழக்கதாம்மா" என்றேன்.

ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "சரி, பானையை அப்படியே அனுப்பாத. நல்லாப் புளி போட்டுத் தேய்ச்சுட்டு அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.